கதாசிரியனின் ஓய்வுப் பொழுது

கதை எழுதுகின்றவன் எப்பொழுது வேலை செய்கின்றான், எப்பொழுது ஓய்ந்திருக்கின்றான் என்று வரையறுத்துக் கூறுதல் எளிதன்று. தச்சன் உளியைக் கையில் எடுத்தால் வேலை. கீழே வைத்தால் ஓய்வு. கணக்கன் பேரேட்டை விரித்தால் வேலை, மூடினால் ஓய்வு. கதாசிரியனோ பேருந்தின் பின்னிருக்கையில் இரு மூதாட்டியர் உரையாடுவதைச் செவிமடுத்திருக்கும்பொழுது வேலை செய்கின்றான். மேசை முன்னமர்ந்து பேனாவைக் கையிலேந்தியிருக்கும்பொழுது சில வேளைகளில் ஒன்றுமே செய்யாதிருக்கின்றான். இதனாற்போலும் நம்மவர் அவனைப் பொழுதை வீணாக்குகின்றவன் என எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவு தவறானது என்பதை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம். விழா மலரில் இதனைக் கூறுதற்குத் தக்க காரணம் உண்டு. கல்லூரியின் புகழைக் கணக்கிடும் இவ்வேளையில், இங்கு பயின்று வைத்தியரானோர், பொறியியலாளரானோர், வணிகத்திற் சிறந்தோர் எனப் பெயர்களை நிரல்படுத்தி மகிழ்கின்றோம். மகிழ வேண்டியதே. ஆயினும், நம் மலைநாட்டு மக்களின் வாழ்வை நாளைய தலைமுறைக்குச் சொல்லப்போகின்ற கதாசிரியன் ஒருவன் இன்று நம் வகுப்பறையிலே அமர்ந்திருப்பானாயின், அவனுக்கு நாம் கொடுக்கும் பொழுது எவ்வளவு? காலையிற் பாடசாலை; மாலையிற் பிரத்தியேக வகுப்பு; இரவில் வினாத்தாள்; சனி ஞாயிறுகளில் மீண்டும் வகுப்பு. அவன் ஒரு கொப்பியின் பின்பக்கங்களிற் கதை எழுதினால், பரீட்சைக்கு உதவாத வேலை என்று அதனைப் பறிக்கின்றவரும் உளர், கிழிக்கின்றவரும் உளர். கிழிபடுவது தாள் மாத்திரம் அன்று.

எழுத்தாளன் உலகியற் கடமைகளினின்றும் விலகி வாழ்கின்றவன் என்பது ஒரு பழைய மயக்கம். உண்மை வேறு. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரோலப் தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்தவர். நாள்தோறும் காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதிவிட்டே கடமைக்குச் சென்றார். அவ்வாறு எழுதிச் சேர்த்த நாவல்கள் 47. யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா சிகையலங்கார நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டே சிறுகதை எழுதினார். 1966ஆம் ஆண்டிலே ‘மல்லிகை’ என்னும் சஞ்சிகையையும் தொடங்கினார். தம் ஊர்ப் பெயராகத் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே சூடிக்கொண்ட தெளிவத்தை ஜோசப், தோட்டத்திலே ஆசிரியராகவும் கிளாக்கராகவும் இருந்தவர். பிரட்டுக் களத்தையும் லயத்தையும் அவர் தேடிச் சென்று பார்க்கவில்லை. அவற்றின் நடுவே வாழ்ந்தார். கடமை இவர்களுடைய எழுத்துக்குப் பகையாகவில்லை. கதைக்கு வேண்டிய மனிதரை அதுவே நாள்தோறும் இவர்கள் வாயிலுக்குக் கொணர்ந்து விட்டது. ஆகவே, உத்தியோகம் வேண்டுமா எழுத்து வேண்டுமா என்று மாணவனைக் கேட்பது பொருந்தாக் கேள்வி. கேட்க வேண்டியது, உத்தியோகமும் உறக்கமும் போக எஞ்சும் பொழுதை அவன் என் செய்கின்றான் என்பதே.

இதற்கு விடை காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் அம்பிட்டியவுக்குக் கண்டியிலிருந்து வரும் தெரு மேலும் வளைந்து வளைந்து தலாத்துஓயாவுக்குச் செல்கின்றது. அந்தத் தலாத்துஓயாவை வாழ்விடமாகக் கொண்டிருந்தவர் கே. கணேஷ். 1920இற் பிறந்து 2004இல் மறைந்த இப்பெரியார் கவிதையும் கதையும் எழுதியவர், கே. இராமநாதனுடன் சேர்ந்து 1946இல் ‘பாரதி’ என்னும் சஞ்சிகையை நடத்தியவர். எனினும் அவர் பெயர் நிலைத்திருப்பது பெரிதும் மொழிபெயர்ப்பினாலே. முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் ‘தீண்டாதான்’ எனத் தமிழாக்கினார். கே. ஏ. அப்பாஸின் கதைகளையும், சீன எழுத்தாளர் லூ சுன்னின் சிறுகதைகளையும், ஹோ சி மின் சிறையிலிருந்து எழுதிய கவிதைகளையும் தமிழர்க்கு அளித்தார். மலைச்சரிவுகளுக்கிடையே உள்ள ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, பம்பாயையும் சீனத்தையும் வியத்நாமையும் தம் மேசைக்கு வரவழைத்தவர் அவர்.

அவர் தெரிந்தெடுத்த ஆசிரியர்களை நோக்குமிடத்து, கதாசிரியனின் அன்றாட வாழ்வு எத்தகையது என்பதற்கு ஒரு பாடநூலே கிடைத்துவிடுகின்றது. ஆனந்தின் நாவல் 1935இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தெருக் கூட்டும் தொழிலாளியான பக்கா என்னும் இளைஞனின் ஒரே ஒரு நாள் வாழ்வே அந்நூல் முழுவதும். காலை விழித்தல், வேலைக்குச் செல்லல், கடைத்தெருவில் ஒருவர்மீது தற்செயலாகப் பட்டு ஏச்சும் அடியும் வாங்குதல், மாலையிற் கூட்டம் கேட்டல் என ஒரு பகலுக்குள் அடங்கும் செய்திகளே அங்குள்ளன. அரசரும் போரும் இல்லாத ஒரு நாளிலே காவியத்துக்குரிய துன்பம் அடங்கிக் கிடக்கின்றது என்பதை அந்நூல் காட்டிற்று. கதைக்குப் பொருள் இல்லையே என்று வருந்தும் மாணவனுக்கு நாம் கூறுவதும் இதுவே: அதிகாலையில் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் உன் தாயின் ஒரு நாளை, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் எழுதிப் பார்.

இனி லூ சுன்னின் வாழ்வை நோக்குவோம். அவர் முதலில் எழுத்தாளராக விரும்பியவர் அல்லர், வைத்தியராக விரும்பியவர். 1904இல் ஜப்பானிலுள்ள செண்டாய் நகரத்து மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்காலத்தில் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடைபெற்றது. பாடம் முடிந்து பொழுது எஞ்சினால், போர்க்களப் படங்களைத் திரையிற் காட்டுவது அவ்வகுப்பின் வழக்கம். ஒரு நாள் காட்டிய படத்திலே, ரஷ்யருக்கு ஒற்றுக் கூறினான் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட சீனன் ஒருவன் கட்டுண்டு நிற்கின்றான். அவன் தலையை வெட்டப்போகின்றனர். சூழ நிற்கும் கூட்டமும் சீனர் கூட்டமே. அவர்கள் உடல் வலிவுடையோர். முகத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. உடலின் நோயைத் தீர்ப்பதினும் உள்ளத்தின் மரப்பைத் தீர்ப்பதே முதற் கடமை என்னும் எண்ணம் அந்த மாணவருக்கு அப்பொழுது தோன்றிற்று. 1906இல் மருத்துவக் கல்வியை விடுத்து எழுத்தின் பக்கம் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியை நாம் இங்கு எடுத்துரைப்பதன் காரணம் ஒன்று. அந்தப் படத்தை வகுப்பிலிருந்தோர் யாவரும் பார்த்தனர். ஆர்ப்பரித்துக் கைதட்டவும் செய்தனர். ஒருவர் மட்டும் தலை வெட்டுண்ணப் போகின்றவனை விட்டு, வேடிக்கை பார்த்து நின்றவர்களைப் பார்த்தார். படம் ஒன்றே, பார்வை வேறு. படம் பார்த்தல் நன்றா தீதா என்று நம்மவர் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். எதனைப் பார்க்கின்றான் என்பதினும் எங்ஙனம் பார்க்கின்றான் என்பதே எழுத்தாளனை ஆக்குவது என்க.

லூ சுன் பின்னர்ப் பல ஆண்டுகள் அரசாங்கக் கல்வியமைச்சில் உத்தியோகம் பார்த்தார். அக்காலத்தில் மாலைப் பொழுதுகளிற் பழங் கல்வெட்டுகளின் படிகளைச் சேர்த்து, எழுத்தெழுத்தாகப் பார்த்தெழுதினார். ஒருவரும் கேட்காத வேலை, ஊதியமில்லாத வேலை. அந்த மௌனமான ஆண்டுகளின் பின்னரே 1918இல் ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ வெளிவந்தது. ஷாங்காய் நகரில் வாழ்ந்த பிற்காலத்தில் மரச்செதுக்கு ஓவியங்களிலே பெருவிருப்புக் கொண்டார். 1931 ஆகஸ்ட் மாதத்தில் இளம் ஓவியருக்கு ஆறு நாள் வகுப்பொன்றை ஏற்பாடு செய்து, ஜப்பானிய ஆசிரியரின் பாடத்தைத் தாமே மொழிபெயர்த்தும் கூறினார். அந்நகரிலே சினிமாப் படங்களுக்கும் அடிக்கடி சென்றவர் அவர். இவற்றையெல்லாம் வீண்பொழுது என்று தள்ளுவோமாயின், அவர் எழுத்தையும் உடன் தள்ள வேண்டிவரும். மரச்செதுக்கிலே கறுப்பும் வெள்ளையும் அன்றி இடை நிறம் இல்லை. வேண்டாத மரத்தை அகற்றினாலன்றி உருவம் தோன்றாது. அவருடைய சிறுகதையின் சிக்கனமும் அத்தகையதே.

கைத்தொழிலாகிய விருப்புப்பணி ஒன்று எழுத்தாளனுக்கு வேண்டும் என நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். அது சொல்லுக்கு அப்பாற்பட்ட ஒரு பொறுமையை அவனுக்குக் கற்பிக்கின்றது. ஓவியமாகலாம், மிருதங்கமாகலாம், வீட்டின் பின்னுள்ள சிறு தோட்டமாகலாம். தாகூர் அறுபதாண்டைக் கடந்த பின்னரே தூரிகையை முனைந்து எடுத்தார். அவருடைய கையெழுத்துப் படிகளில் அடித்துத் திருத்திய இடங்களே மெல்ல மெல்ல உருவங்களாக வளர்ந்தன என்பது அறிஞர் அறிந்த செய்தி. பிழை என்று அடித்த கோடும் அவருக்குப் பயன்பட்டது.

நம் மலைநாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியர், தொழிற்சங்கவாதி, 1947இற் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். இத்தனை கடமைகளுக்கிடையே அவர் தோட்ட மக்களின் நாட்டார் பாடல்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். அது ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாயிற்று. தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, கும்மி ஆகியவற்றைச் சேர்த்தவனுடைய செவியிலே மக்களின் மொழி இயல்பாகவே தங்கிவிடுகின்றது. பின்னர் அவன் கதையிற் பாத்திரம் வாய் திறந்தால், அது மனிதர் பேச்சாக இருக்கும். சினிமா வசனமாக இராது.

சினிமா வசனம் என்று கூறிவிட்டோம். இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மாணவர் எழுதித் தரும் கதைகளைத் திருத்துகின்றவர்கள் ஒன்றை அறிவர். பத்துக் கதைகளில் ஏழு, மழையிலோ மரணப் படுக்கையிலோ தொடங்கி, உடனே பத்தாண்டு பின்னோக்கிச் செல்கின்றன. நாயகன் பேசும்போது லயத்துப் பேச்சும் இல்லை, கண்டிப் பேச்சும் இல்லை. சென்னையிலே எவரோ எழுதிய வசனமே உள்ளது. இது சினிமாவின் குற்றமன்று. பார்த்ததைச் செரிக்காமல் உமிழ்வதன் குற்றம். மருந்து, படத்தைத் தடுப்பதில் இல்லை. நல்ல படத்தை முறையோடு பார்க்கச் செய்வதில் உள்ளது.

சினிமாவும் கதையும் உறவினர் என்பதற்குக் கணேஷ் மொழிபெயர்த்த அப்பாஸே சாட்சி. அவர் பம்பாய்ப் பத்திரிகையிலே படங்களை விமர்சித்தார். பின்னர் படக்கதை எழுதினார். 1946இல் ‘தர்த்தி கே லால்’ என்னும் படத்தைத் தாமே நெறிப்படுத்தினார். வங்காளப் பஞ்சத்தின் துயரம் அப்படத்தின் பொருள். ராஜ் கபூரின் ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’ ஆகியவற்றின் கதையும் அவர் கைவண்ணமே. இத்தனைக்கும் இடையிற் சிறுகதையையும் நாவலையும் அவர் கைவிடவில்லை. 1987இல் மறையும்வரை வாரந்தோறும் பத்திரிகைப் பத்தியும் எழுதிவந்தார்.

நம் நாட்டிலே மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ 1944இல் நாவலாக வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனை 1963இற் படமாக்கினார். 1965இற் புதுடில்லித் திரைப்பட விழாவில் அது தங்க மயில் விருது பெற்றது. தமிழிலே செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இற் படமாயிற்று. தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் காட்டிய ‘புதிய காற்று’ 1975இல் வெளிவந்தது; அதன் உரையாடலை எழுதியவர் நாம் முன்னர்க் கூறிய தெளிவத்தை ஜோசப். இவற்றுள் ஒன்றையேனும் நம் மாணவர் நூலாகப் படித்தும் படமாகப் பார்த்தும் ஒப்புநோக்கியதுண்டா? ஒப்புநோக்கினால், நாவலாசிரியன் ஒரு பக்கத்திற் கூறிய மனக்கலக்கத்தைப் படம் ஒரு நோக்கினாற் காட்டுவதையும், நாவலில் ஒரு வரியில் ஓடிய ஆண்டுகளைக் காட்டப் படம் எத்துணை இடர்ப்படுகின்றது என்பதையும் தாமே காண்பர். குறிஞ்சிப் பாட்டிலே மலையும் அருவியும் தலைவியின் உள்ளத்தைக் குறிப்பாற் புலப்படுத்துகின்றன என்றும், உள்ளுறை இறைச்சி என்றும் வகுப்பிலே நாம் படிப்பிக்கின்றோம். மாணவன் சூத்திரத்தை மனனஞ் செய்கின்றான். பொருள் அவனுக்குள் இறங்குவதில்லை. சொல்லாமற் சொல்லும் அக்கலையை ஒரு நல்ல படத்தின் மௌனமான காட்சியிலே காட்டிவிட்டுப் பின்னர்ச் செய்யுளுக்கு வந்தால், உள்ளுறை தானே விளங்கும்.

சினிமா எழுத்தாளனை விழுங்கிவிடும் என்று அஞ்சுவோர்க்கும் நியாயம் உண்டு. புதுமைப்பித்தன் படக்கதைத் துறையிற் புகுந்து, ‘ராஜமுக்தி’ படத்தின்பொருட்டுப் புனா சென்று, காசநோயுடன் திரும்பி, 1948இல் 42ஆம் வயதிலே மறைந்தார். தமிழ்ச் சிறுகதை அடைந்த இழப்பு அளவிடற்கரியது. ஆனால் அசோகமித்திரன் 1952 தொடக்கம் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஜெமினி ஸ்டூடியோவிற் பணியாற்றினார். படம் எடுப்போரின் பின்னால் நிற்கும் சிறிய மனிதரைக் கூர்ந்து நோக்கி, அவ்வுலகத்தையே ‘கரைந்த நிழல்கள்’ என்னும் நாவலாக்கினார். புதுமைப்பித்தனை வருத்தியது படம் பார்த்தல் அன்று, வறுமை. அதனைச் சினிமாவின்மேல் ஏற்றி, மாணவனைப் படத்தினின்றும் தடுத்தல் பொருந்தாது.

இன்று வேறொரு தொல்லை தோன்றியுள்ளது. படம் பார்க்கப் படமாளிகைக்குச் செல்ல வேண்டிய காலம் போயிற்று. கைத்தொலைபேசியிலேயே உலகப் படங்கள் யாவும் உள. ஆயினும் மாணவர் முழுப்படம் பார்ப்பது குறைந்துவருகின்றது. அரை நிமிடத் துணுக்கு ஒன்றைப் பார்த்து, விரலாற் தள்ளி, மற்றொன்றைப் பார்க்கின்றனர். ஒரு மணி நேரம் கழிந்தபின் என்ன பார்த்தாய் என்று கேட்டால் விடையில்லை. தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஒரு படத்தைப் பொறுமையோடு பார்த்தல் மனத்துக்கு ஒரு பயிற்சி. துணுக்குகளைத் தள்ளுதல் விரலுக்கு மட்டும் பயிற்சி. ஓய்வு வேண்டும் என்று வாதாடும் நாம் இந்தச் சிதறலுக்காக வாதாடவில்லை. கண் வாங்கியது கையில் இறங்க வேண்டும். பார்த்தபின் ஒரு வரியேனும் எழுதவோ வரையவோ, ஒருவரோடு அமர்ந்து உரையாடவோ தூண்டாத பொழுதுபோக்கு, பொழுதை மட்டுமே போக்கும்.

பரீட்சை இருக்கின்றதே, பல்கலைக்கழகம் புகுதல் எளிதா என்று பெற்றோர் கேட்பர். லயத்து அறையிலிருந்து ஒரு பிள்ளையைப் படிப்பித்து மேலே ஏற்றப் பாடுபடும் தந்தையின் கவலையை நாம் சிறிதாக எண்ணவில்லை. அவன் ஏறும் ஏணியை ஒருவரும் அசைத்தல் ஆகாது. நாம் கேட்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவே. அன்றியும், கதை எழுதுகின்ற மாணவன் பரீட்சையிற் பின்தங்குவான் என்பதற்கு ஆதாரம் இல்லை. மனிதரைக் கூர்ந்து நோக்கவும், கேட்டதைச் செவ்வையாகச் சொல்லவும், வேண்டாததை நீக்கவும் பழகியவன், வைத்தியனானாலும் சட்டத்தரணியானாலும் அத்தொழிலிற் சிறப்பான்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஆசிரியர்க்கும் நாம் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது: வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் ஒன்றரை மணி நேரம், நூலகத்தை அடுத்த ஓர் அறையை எழுத விரும்பும் மாணவர்க்கென ஒதுக்குக. அங்கே புள்ளி இல்லை, பரீட்சை இல்லை. ஓர் ஆசிரியர் மட்டும் உடனிருப்பார். இரண்டாவது: மாதம் ஒரு முறை, நூலிலிருந்து பிறந்த ஒரு படத்தை அந்நூலைப் படித்தபின் அனைவரும் கூடிப் பார்க்க, பார்த்தபின் படம் விட்டுவிட்ட ஒன்றை ஒவ்வொருவரும் ஒரு பக்கத்தில் எழுதுக. மூன்றாவது: விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று, ஒரு பாடலையோ, காமன் கூத்தைப் பற்றிய ஒரு நினைவையோ, இன்று வழங்காத ஒரு சொல்லையோ கேட்டு எழுதி வருக. வேலுப்பிள்ளை தனியொருவராகச் செய்த பணியை நூறு பிள்ளைகள் செய்யலாம்.

இம்மூன்றனுள் இறுதியாகக் கூறியது மிக விரைந்து செய்யத்தக்கது. கட்டடத்தை அடுத்த ஆண்டும் கட்டலாம். அதற்கு அடுத்த ஆண்டும் கட்டலாம். துங்கிந்தையிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்து முதுமை எய்திய ஒரு பாட்டி, தன் தாயிடம் கேட்ட ஒப்பாரியை நினைவில் வைத்திருக்கின்றாள். அவள் நமக்காக அடுத்த ஆண்டுவரை காத்திருப்பாள் என்பதற்கு உறுதி இல்லை. அவளிடம் சென்று அமர்ந்து கேட்க ஒரு பிள்ளைக்கு ஓய்ந்த மாலைப் பொழுது ஒன்று வேண்டும். அந்த மாலையை அவனுக்குக் கொடுப்பது இக்கல்லூரியின் கடமை.